விளக்கு வைக்கிற நேரத்துல திறந்த கதவு

இன்னும் ஒரு கட்டுமரமும் கரையேறல. கூடையைக் கவுத்துப் போட்டு நெருங்கி உக்காருங்கடி, பனி கொட்டுது. தில்லையம்மாள் இன்னிக்கு வரலியே? நல்லதாப் போச்சு. அவ இருந்தா இதைச் சொல்ல முடியாது. அவ கூடப்பொறந்த அக்கா கமலவேணிக்கு நடந்தது.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். கமலவேணி புருஷன் தெய்வசிகாமணியை முதல்ல எனக்குத்தான் பேசினாங்க. பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தா. காரை வூடு, நல்ல சம்பளம். எனக்கு அமையல, அவளுக்கு அமைஞ்சுது. அதனால நான் சொல்றதுல கொஞ்சம் வயித்தெரிச்சல் இருக்கும். கழிச்சுக்கிட்டுக் கேளுங்க.

போன ஐப்பசி... பொழுது சாஞ்சு விளக்கு வைக்கிற நேரம். அரியாங்குப்பம் ரோட்டுல ஈ காக்கா இல்ல. ஜட்கா ஒண்ணு மட்டும் போவுது. வண்டிக்கார அம்மாவாசை ஓட்டுறான். உள்ள தெய்வசிகாமணியும் அவனோட தகரப் பெட்டியும். அல்ஜேரியில சண்டை முடிஞ்சு ஊர் திரும்புறான்.

பாலத்துக்கு இந்தப் பக்கம், தென்னந்தோப்பண்ட குதிரை நின்னுடுச்சு. அடிச்சாலும் நகரல. காதை மட்டும் பின்னால மடக்கிக்கிட்டு நடுங்குது. அம்மாவாசை திரும்பிப் பாத்தான். வண்டிக்குப் பின்னால ஒரு பொம்பளை... தலையிலேருந்து கால் வரைக்கும் வெள்ளைத் துணி. ஒரு கண்ணு மட்டும் வெளியே. இந்தம்மாவும் ஏறிக்கட்டுமான்னு கேட்டானாம். தெய்வசிகாமணி திரும்பியே பாக்கல. ஓட்டுன்னு மட்டும் சொன்னானாம்.

அம்மாவாசை வாய் சும்மா இருக்குமா? சொல்தா ஒருத்தியோட வந்து எறங்கினான்னு மறுநாளே ஊர் பூரா பரவிடுச்சு. என் காதுக்கும் வந்துச்சு. பொய் சொல்வானேன், அன்னிக்கு ராத்திரி சோறு நல்லாவே எறங்குச்சு எனக்கு.

கமலவேணிக்குத்தான் எறங்கல. வூட்டுல புதுசா ஒரு வாசனை. நாரத்தம்பூ வாசனை. முதல்ல இனிப்பா வரும்... அப்புறம் அதுக்கடியில ஆட்டு மயிர் கருகுற நாத்தம். அவன் சட்டையில அடிக்குது, பாயில அடிக்குது. பெட்டியைக் கொடைஞ்சா ஒரு வெள்ளிக் காப்பு. சின்ன கைக்காரி போட்டது. யாருதுய்யா இதுன்னு கேட்டிருக்கா. அவன் பிடுங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டான். அதுலேருந்து தூங்கும்போதுகூட அந்தப் பையிலேருந்து கையை எடுக்கிறதில்லையாம். எந்தப் பொண்டாட்டிக்குப் பொறுக்கும், நீங்களே சொல்லுங்க.

அதுக்கும் மேல இன்னொண்ணு. நாமல்லாம் விளக்கு வைக்கிறப்போ பின்கதவைச் சாத்திட்டுத் தெருக்கதவைத் திறந்து வைப்போம், லட்சுமி வரணும்னு. இவன் அந்த நேரம் பாத்துத் தெருக்கதவைத் தாழ்ப்பாள் போட ஆரம்பிச்சான். மூதேவி பிடிச்ச வூடாட்டம் இருட்டுல உக்காந்திருக்கணும். எவ வந்து நிப்பான்னு இப்படிப் பூட்டுறேன்னு அவ கத்துவா. இவன் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பாப்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை. அவன் சாராயக் கடைக்குப் போயிருந்தான். கமலவேணி தலை முழுகி, பின்கதவைச் சாத்தி, விளக்கை ஏத்தி, தெருக்கதவை விரியத் திறந்து வச்சுட்டா. தில்லையம்மாள் அக்காவுக்குன்னு நாலு மீன் எடுத்துக்கிட்டு அந்தத் தெருவுல வந்துக்கிட்டிருந்தா. அவ கண்ணால பாத்தது இது.

வாசல் படல் கதவண்ட வெள்ளைத் துணி. நிக்குது. உள்ள வரல. அசையவும் இல்ல.

கமலவேணி எறங்கி வந்தா. இடுப்புல கையை வச்சுக்கிட்டு மேலயும் கீழயும் பாத்தா. பல்லைக் கடிச்சுக்கிட்டு, நெஞ்சு எரிய எரிய, படலை அவளே திறந்து வுட்டா.

"வாடி. உள்ள வா. யாரு புருஷன்னு இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்."

வெள்ளைத் துணி படியேறுச்சு. கதவு சாத்திக்கிச்சு. தாழ்ப்பாள் விழுந்துச்சு... டக்.

தில்லையம்மாள் ஓடிப்போய் தட்டுறா. அக்கா, அக்கான்னு கத்துறா. அப்பதான் தெய்வசிகாமணி வந்தான். வெள்ளைத் துணி போத்தினவளை அக்கா உள்ள கூட்டிக்கிட்டான்னு இவ சொன்னதும் குடிச்சதெல்லாம் எறங்கிடுச்சு. படியிலேயே உக்காந்துட்டான். உக்காந்து எல்லாத்தையும் சொன்னான்.

அல்ஜேரியில ஏழெட்டு வருஷம் சண்டை இல்லியா. அந்த ஊர்க்காரங்கள்லயே சில பேர் பிரெஞ்சுக்காரன் பக்கம் நின்னாங்க. கடைசியில பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுக் கெளம்பறப்போ, அவங்களைச் சொந்த ஊர்க்காரங்களே தேடித் தேடி வெட்டினாங்க. பொண்டாட்டி புள்ளைங்க தப்பிச்சு ஓடியாந்து பட்டாள முகாம் கேட்டண்ட நின்னுச்சாம். யாரையும் உள்ள விடாதேன்னு மேல உத்தரவு. உலகத்து நாடெல்லாம் ஒண்ணு கூடி வருஷா வருஷம் அந்தச் சண்டையைப் பத்திப் பேசுச்சாம், ரேடியோவுல கூவுனாங்களே. பேசி இன்னாடி ஆச்சு? அந்தக் கம்பிவேலியண்ட நின்னவளுக்கு எந்த நாட்டுக்காரன் கதவைத் திறந்தான்?

இவன்தான் அங்க காவல். ஒருத்தி கம்பி வழியாக் காப்பைக் கழட்டி நீட்டியிருக்கா. இவன் வாங்கிக்கிட்டான். ஆளுங்க அசந்ததும் திறக்கிறேன்னு தலையை ஆட்டியிருக்கான். பாவி, திறக்கல. உத்தரவுக்குப் பயந்தானாம். பயந்தவன் காப்பை எதுக்கு வாங்கினான்? விடிஞ்சதும் பாத்தா கேட்டுக்கு வெளியே அவ போத்தியிருந்த வெள்ளைக் கம்பளித் துணி மட்டும் கருகிக் கெடந்துச்சாம். அவ வச்சிருந்த நாரத்தம்பூ காயாமக் கெடந்துச்சாம்.

சொல்லி முடிச்சுட்டு ஜன்னலண்ட ஓடினான். காப்பை எடுத்துக் கம்பி வழியா உள்ள நீட்டினான்.

"இந்தா, வாங்கிக்கோ. கதவை மட்டும் திற தாயே."

உள்ளேருந்து ஒரு கை வந்துச்சு. தில்லையம்மாள் பக்கத்துலதான் நின்னா. வெள்ளைத் துணிக்காரி கை இல்லடி... மணிக்கட்டுல தேள் பச்சை குத்தின கை. கமலவேணி கை. காப்பை வாங்கிக்கிச்சு. ஜன்னலைச் சாத்திக்கிச்சு.

கதவு திறக்கல.

தெருவே கூடி இடிச்சுத் திறந்தாங்க. விளக்கு நின்னு எரியுது. பின்கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருக்குது. ஆளில்ல. ரெண்டு பேரும் இல்ல. எதுத்தெதுத்தாப்புல ரெண்டு மணை போட்டிருந்துச்சு, அவ்வளவுதான்.

கதவைச் சரிபண்ணி மாட்டினாங்க. அன்னிலேருந்து விளக்கு வைக்கிற நேரம் ஆனா, வெறும் வூட்டுல தாழ்ப்பாள் தானா விழுது. அவனுக்கு உள்ள போவவும் பயம், பொண்டாட்டியை விட்டுட்டுப் போவவும் மனசு வரல. தெனம் வெளியே உக்காந்து கதவுல தலையை முட்டிக்கிட்டு அழுவான்.

நேத்து எனக்குக் கொஞ்சம் காணாங்கத்தை மீன் மிச்சம். விளக்கு வைக்கிற நேரத்துல அந்தத் தெரு வழியா வந்தேன். எதுக்குப் போனேன்னு கேக்காதீங்க. எனக்குப் பேசின மாப்பிள்ளை அழுவுறதைப் பாக்கணும்னுதான் போனேன், போதுமா?

உள்ளேருந்து சிரிப்புச் சத்தம். ரெண்டு பொம்பளைங்க. வெங்காயம் உரிச்சுக்கிட்டே ஊர்க்கதை பேசுவோமே, அந்த மாதிரி மெதுவா... நிம்மதியா. எனக்குப் பயம் வரலடி. பொறாமைதான் வந்துச்சு. மயிரைப் பிடிச்சு உருள வேண்டியவளுங்க, இப்படிச் சிரிக்கிறாளுங்க. எங்க வூட்டுல கதவைத் திறந்தா குடிச்சிட்டுக் கெடக்கிறவன் மூஞ்சிதான். நானும் உள்ள இருந்தா எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் நெனைச்சேன். மனசுலதான் நெனைச்சேன். வாயைத் திறக்கல.

சிரிப்பு நின்னுச்சு.

நாரத்தம்பூ வாசனை வந்துச்சு. உள்ளேருந்து யாரோ கதவண்ட நடந்து வந்தாங்க. தாழ்ப்பாள் மெதுவா... மெதுவா விலகுச்சு.

படியில இருந்தவன் அழுகையை நிறுத்திட்டு என்னைப் பாத்தான். அந்தப் பார்வையை நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். அப்படி ஒரு பொறாமை அதுல.

"உனக்குத் திறக்கிறாங்க"ன்னான்.