என்ன மாத்திரை?

"ஹலோ... ஹலோ! போதை மறுவாழ்வு மையமா? கட் பண்ணிடாதீங்க மேடம்... ஆமா, ஆமா, அவசரம்தான். பையன் எழுந்திருக்க மாட்டேங்கறான்!"

மருந்துக்கடைக்காரர் தோளில் போனை இடுக்கிக்கொண்டு ஷட்டரைப் பாதிக்கு இழுத்தார். கடைக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, அவருடைய ஒரே மகன் தரையில் கிடந்தான்.

"பதினேழு வயசு... பேரா? பேரு எதுக்கு மேடம் இப்போ?... மூச்சு இருக்கு. விட்டு விட்டு வருது. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாச்சு... எப்படித் தெரியுமா? தெரியும், அவ்வளவுதான்... என்ன வேலையா? வியாபாரம்... சின்ன வியாபாரம்."

ஷட்டரை யாரோ தட்டினார்கள்.

"கடை லீவு அண்ணே!... இருமலா? எதிர்த்தெருக் கடைக்குப் போங்க, அங்கே நல்ல மருந்தா கிடைக்கும்!"

இருபது வருஷத்தில் அந்தக் கடையை அவர் புகழ்ந்தது அதுவே முதல் தடவை.

"...உங்ககிட்ட இல்லை மேடம், சொல்லுங்க... முன்னாடியே ஏன் வரலையா? மூணு மாசம் முன்னாடி இதே நம்பருக்குத்தான் போட்டேன். பையன் சரியா சாப்பிடறதில்லை, பேசறதில்லை, மாத்திரை போடறான்னேன். மனசு சம்பந்தப்பட்டதுன்னா பெரிய ஆஸ்பத்திரின்னீங்க. அங்கே போனா, முதல்ல மாத்திரையை விடட்டும், அப்புறம் மனசைப் பார்க்கலாம்னாங்க. திரும்ப உங்களுக்குப் போட்டா, படுக்கை கிடைக்க ஆறு வாரம் ஆகும்னீங்க... இல்லை இல்லை, உங்களைக் குத்தம் சொல்லலை! கோவிச்சுக்காதீங்க... நேர்லயும் வந்தோம் மேடம். வரிசையில தெரிஞ்சவர் ஒருத்தர், 'என்ன சார், நீங்களுமா?'ன்னார். பக்கத்துல வேலைன்னு சொல்லிட்டு இவனை இழுத்துட்டு வந்துட்டேன்... ஆமா. நான்தான் இழுத்துட்டு வந்தேன். அவன் வரமாட்டேன்னு சொல்லலை."

குனிந்து மகனின் கன்னத்தைத் தட்டினார். தலை துணிமூட்டை போல் சாய்ந்தது.

"டேய் கண்ணா! அப்பா கூப்பிடறேன்டா... கண்ணைத் திறடா... மேடம், உதடு நிறம் மாறுது. ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சா?... அஞ்சு நிமிஷமா? சைரன் மட்டும் வேண்டாம், பின்சந்து வழியா... சரி! சரி! எப்படியாவது வரட்டும்!... யாரு, டாக்டரா? குடுங்க... வணக்கம் சார்... எத்தனை மாத்திரையா? என்ன மாத்திரையா?... எனக்கு... எனக்கு எப்படி சார் தெரியும்?"

மகனின் மார்பு ஏறவில்லை. ஒன்று... இரண்டு... மூன்று... பிறகு விக்கலைப் போல ஒரு மூச்சு வந்தது.

"இருங்க சார், வெச்சிடாதீங்க! சொல்றேன். எழுதிக்கோங்க."

பெயரைச் சொன்னார். எத்தனை மில்லிகிராம் என்றும் சொன்னார். இருபது வருஷமாக டாக்டர் சீட்டுப் பார்த்துப் படித்த குரல், ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

"...ஆமா சார். மருந்துக்கடைதான்... இல்லை, திருடலை. அவன்மேல பழி போடாதீங்க. மூணு மாசமா நான்தான் கொடுக்கறேன்... ஆமா, சீட்டு இல்லாமதான். லைசென்ஸ் போகும், தெரியும் சார்! எல்லாரும் விரட்டறாங்க, நமக்குத் தெரியாத மருந்தா, நாமே கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்திடலாம்னு நினைச்சேன்... குறைச்சேன் சார். அவன் வெளியே வாங்கி ஈடு கட்டியிருக்கான். எனக்கு இப்பத்தான் தெரியும், சட்டைப்பையில வேற மாத்திரை அட்டை... அது முழுசா காலி... எப்போ போட்டானா? காலையில இருக்கும்."

அந்தக் காலி அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"...இல்லை சார். அது கடைசி இல்லை. கடைசியா போட்டது அரை மணி முன்னாடி. வந்து நின்னான், கை நடுங்கிச்சு, நாக்குக் குழறிச்சு. மாத்திரை பத்தாமதான் இப்படின்னு நினைச்சுட்டேன் சார்... வேண்டாம்ப்பா, வேண்டாம்ப்பான்னான். நான்தான் வாயைத் திறந்து... ரெண்டு... ஹலோ? சார்?... ஹலோ?"