பூமடலின் கடைசி வரி

(திண்டுக்கல், தாடிக்கொம்பு சாலையிலுள்ள ஒரு திருமண மண்டபத்தில் நடந்த பூ விவசாயிகள் சங்கத்தின் ஆண்டு விழாவில் சங்கச் செயலாளர் இசைவாணி ஆற்றிய உரை)

விரலால் தொட்டே பூவின் விலை சொல்லும் வித்தகர், கோபம் வந்தால் கோடையிடி, குணம் வந்தால் ஆடிச்சாரல், நம் சங்கத்துக்கும் இந்த அவைக்கும் தலைவர், ஐயா தங்கமுத்து அவர்களே! தங்கள் மலைக்கோட்டையை விட்டு எங்கள் மலைக்கோட்டையைக் காண வந்திருக்கும் திருச்சிராப்பள்ளி மேடை அலங்காரக் கலைஞர் ஆல்வின் அவர்களே! ஊர் விழிக்கும் முன்னே வயலில் நின்று, உள்ளங்கையில் பனியையும் முதுகில் வெயிலையும் ஏந்தும் என் தாய்மார்களே! வேப்பமரத்தடியில் நின்றபடி, "பேச்சு முடிஞ்சதும் பந்தியா?" என்று கேட்கும் பெரியவர்களே! கேட்கிறது ஐயா, இங்கே கேட்கிறது. பிரியாணி தம்மில் இருக்கிறது. அது வேகும் வரை என் பேச்சையும் செத்த நேரம் வேக விடுங்கள். அனைவருக்கும் இந்த இசைவாணியின் வணக்கம்.

இன்று இரண்டு பெண்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். ஒருவர் சின்னாளப்பட்டியிலிருந்து இந்த ஊருக்கு வாழ வந்த மருமகள், நம் சங்க அலுவலகத்தை நடத்தும் பவித்ரா. இன்னொருவர் செண்டுமல்லி விவசாயி மூக்காயி அக்கா. இவர்கள் என்ன செய்தார்கள்? கோட்டையைப் பிடித்தார்களா? கொடியை நாட்டினார்களா? இல்லை. ஒரு மின்னஞ்சல் பட்டியலை ஒழுங்காக நடத்தினார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வருடம் நானும்தான் சிரித்தேன். அந்தப் பட்டியல் ஒரு பெண்ணின் பூக்காட்டைக் காப்பாற்றிய கதையைக் கேட்டுவிட்டுப் பிறகு சொல்லுங்கள், பொன்னாடை போதுமா போதாதா என்று.

தோழர்களே, பறித்த பூவுக்கு வெயிலும் பகை, பொழுதும் பகை. நெல்லைக் குதிரில் வைக்கலாம், புளியைப் பானையில் வைக்கலாம். பூவை எங்கே வைப்பது? மார்க்கெட்டுக்குக் கொண்டு போனால் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். ஆகவே மண்டபங்களுக்கும், கோயில்களுக்கும், மேடை அலங்கரிப்பவர்களுக்கும் நாமே நேராகப் பூ கொடுப்பது என்று முடிவு செய்தோம். எந்த வயலில் எந்தப் பூ எப்போது பறிப்புக்கு வருகிறது என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? வாட்ஸ்அப்பில் சொல்லிப் பார்த்தோம். குட்மார்னிங் என்று வந்து குவிந்த ரோஜாப் படங்களுக்கு அடியில் நம் நிஜ ரோஜா நசுங்கிப் போனது! வாங்குகிற அலுவலகங்கள் எல்லாம் ஒரே குரலில், "மெயில் அனுப்புங்க, அதுலதான் ஆர்டர் போடுறோம்" என்றன.

சரி என்றோம். பட்டியல் போட உட்கார்ந்தோம். அங்கேதான், என் உறவுகளே, திண்டுக்கல் புத்தி வேலை செய்தது!

நம் வீட்டில் கல்யாணப் பத்திரிகை அடித்தால் என்ன நடக்கும்? ஒரு பங்காளியின் பெயர் விட்டுப் போனால் போதும், பேரன் காலம் வரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதே பயத்தில் மின்னஞ்சலுக்கும் பட்டியல் போட்டோம். மேசையில் கிடந்த விசிட்டிங் கார்டு ஒன்று விடாமல் சேர்த்தோம். டிராக்டர் ஷோரூமைச் சேர்த்தோம். பல் டாக்டரைச் சேர்த்தோம். துபாயில் இருக்கும் தலைவர் வீட்டு மருமகனைச் சேர்த்தோம். "விட்டுப்போச்சுன்னு யாரும் வருத்தப்படக் கூடாது" என்று அள்ளி அள்ளிப் போட்டோம். யாரிடமாவது கேட்டோமா? கேட்கவில்லை!

முதல் மின்னஞ்சல் போனது. எல்லோருடைய முகவரியும் எல்லோர் கண்ணிலும் படும்படி போனது. துபாய் மருமகன், "வாழ்த்துகள் மாமா" என்று பதில் போட்டார். அது அத்தனை பேருக்கும் போனது. பல் டாக்டர், "யாருங்க நீங்க?" என்றார். அதுவும் அத்தனை பேருக்கும் போனது. நடுவில் ஒருவர், வீட்டுமனை விற்பனைக்கு என்று விளம்பரமே போட்டுவிட்டார். பூ என்ன ஆனது? கடலில் கரைத்த பெருங்காயம் ஆனது.

இந்த நேரத்தில்தான் மூக்காயி அக்காவின் காடு மொட்டு விட்டிருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் காலமாகி இரண்டு வருடம். அதுவரை வரப்பில் நின்று வேலை வாங்கியவர், அதன் பிறகு அக்கா தானே மம்பட்டி பிடித்தார். சங்கத்தின் பேச்சை நம்பி, காடு முழுக்கச் செண்டுமல்லி நட்டார். ஆயுத பூசைக்குப் பறிப்பு. ஒருநாள் பம்ப்செட் அருகே அவருடைய கொழுந்தன் சடையாண்டி வந்து நின்றார். சடையாண்டி அண்ணன் இங்கேதான் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். சொல்லலாம்தானே அண்ணே? தலையாட்டிவிட்டார்.

"மதினி, பூ வளக்குறது வேற, விக்கிறது வேற. அதுக்கு ஆம்பளை வேணும். இந்த ஆயுத பூசைக்கு நீங்களே வித்துக் காட்டுங்க. ஏலலைன்னா காட்டை எனக்குக் குத்தகைக்கு விட்ருங்க."

அக்கா மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. "சரிப்பா. அம்புட்டுப் பூவையும் வித்துக் காட்டுறேன். முடியலேன்னா நீயே வச்சுக்க" என்றார்.

சொல்லிவிட்டார்! சொன்ன சொல் அவருடையது. ஆனால் விற்றுத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தது யார்? நாம்! மானம் யாருடையது? நம்முடையது!

மின்னஞ்சல் போய்க்கொண்டே இருந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. பவித்ரா பொறுத்துப் பார்த்துவிட்டு, திருச்சிக்குப் போன் போட்டார். ஆல்வின் ஐயா, நீங்கள் அன்று என்ன சொன்னீர்கள் என்பதை நானே சொல்லிவிடுகிறேன், வெட்கப்படாதீர்கள். "என்னைக் கேக்காம யாரோ லிஸ்ட்ல போட்டுட்டாங்க. ஸ்பேம்னு நான்தாங்க அமுக்குனேன். என்னை மாதிரி நெறையப் பேரு அமுக்கியிருப்பாங்க. இனி நீங்க தங்கத்தையே அனுப்பினாலும் குப்பைப் பெட்டிக்குத்தான் போகும்."

அன்றைக்கே கூட்டம் கூடியது. பவித்ரா எழுந்து ஒரே வார்த்தையாகச் சொன்னார். "இந்த லிஸ்ட்டை அழிச்சிட்டுப் புதுசாப் போடணும்."

தலைவர் முகம் சிவந்தது. இதோ, இப்போதும் சிவக்கிறது பாருங்கள்! "பேரை வெட்டுறதா? ஏத்தா, நம்ம பக்கம் பேரை வெட்டுறதுன்னா என்ன அர்த்தம் தெரியுமா? ஊரை விட்டு ஒதுக்குறதுன்னு அர்த்தம்" என்றார்.

பவித்ரா பின்வாங்கவில்லை. "கேக்காமச் சேத்தோமே மாமா, அதுதான் மரியாதைக் குறைச்சல். கல்யாணத்துக்கே தாம்பாளத்துல வெத்தல பாக்கு வச்சு, வாசல்ல நின்னுதான கூப்பிடுறோம்? இவங்க வாசல்ல நாம நிக்கவே இல்ல. வேலி தாண்டிக் குதிச்சு, நடுவீட்டுல உக்காந்துக்கிட்டு, பூ வேணுமான்னு கேட்டுக்கிட்டு இருக்கோம்."

மூக்காயி அக்கா எழுந்தார். "கேள்விப்பட்டதும் கெளம்பிப் போறது துக்க வீட்டுக்குத்தேன். நம்ம பூ கல்யாண வீட்டுக்குல்ல போவுது? கேட்டுட்டே போவோமய்யா."

இதற்கு மேல் ஒரு சட்டம் வேண்டுமா? ஒரு சாத்திரம் வேண்டுமா?

பழைய பட்டியலை அழித்தோம். தாம்பாளம் எடுத்தோம். ஆமாம் தாய்மார்களே, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மேலே ஒரு கைப்பிடிச் செண்டுமல்லி! திண்டுக்கல்லில் ஏறினோம், மதுரையில் இறங்கினோம். திருச்சிக்கும் போனோம், ஆல்வின் ஐயா வாசலிலும் நின்றோம். மண்டபம் மண்டபமாக, அலுவலகம் அலுவலகமாக நின்று, "வாரம் ஒரு மடல் எழுதலாமா?" என்று கேட்டோம். கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மேலாளர்கள் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார்கள். சிலர் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கும் வெற்றிலையைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். சரி என்றவர்களுக்கும் பவித்ரா முதலில் ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பினார். "நீங்கள்தான் சம்மதம் சொன்னீர்களா? ஆமென்றால் இதைத் தட்டுங்கள்." தட்டியவர் மட்டுமே பட்டியலில் சேர்ந்தார். ஒருவர் முகவரி இன்னொருவர் கண்ணில் படாது. பதில் போட்டால் சங்கத்துக்கு மட்டும் வரும். செவ்வாய் தவறாமல் மடல் போகும். போய்ச் சேராமல் மடல் திரும்பி வந்தால், அந்த முகவரியைப் பவித்ரா அன்றே களைந்துவிடுவார். அந்த மடலுக்குப் பெயரும் வைத்தோம்: பூமடல்!

கைதட்டுங்கள், ஆனால் முழுவதையும் தட்டிவிடாதீர்கள், இன்னும் இருக்கிறது.

வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ள மடலின் அடியில் ஒரு வழி வைக்க வேண்டும். அதில் என்ன எழுதுவது? தலைவர் உறுதியாகச் சொன்னார். "விலகுன்னு எழுதாத தாயி. வாசல்ல எழுதுற வார்த்தையா அது?" பவித்ரா யோசித்தார். நம் வீட்டிலிருந்து கிளம்புகிறவர் எவராவது போகிறேன் என்று சொன்னதுண்டா? சொன்னால்தான் விடுவோமா? அவர் விரல்கள் தட்டின. பூமடலின் கடைசி வரி பிறந்தது: ‘போயிட்டு வாரேன்’. அதைத் தொட்டால் ஒரு பதில் வரும்: ‘நல்லது, போயிட்டு வாங்க. திரும்பி வர நெனச்சா இங்க தொடுங்க. வாசல் தெறந்தே இருக்கும்.’ தலைவர் இரண்டு தடவை படித்தார். "இது சரி. நாம யாரையும் வெட்டல" என்றார். இடி ஓய்ந்தது, சாரல் அடித்தது.

ஆயுத பூசை நெருங்கியது. ஆர்டர்கள் வந்தன. மல்லிகை போனது, சம்பங்கி போனது, அரளி போனது. மூக்காயி அக்காவின் செண்டுமல்லி மட்டும் பெரும்பகுதி விலைபோகாமல் நின்றது. அவ்வளவு பூவை மொத்தமாக எடுக்கக்கூடியவர் ஒருவர்தான். அவர் யார்? இதோ, இங்கே அமர்ந்திருக்கிறாரே ஆல்வின் ஐயா, இவர்தான்! இவர் என்ன செய்தார்? இரண்டாவது மடலிலேயே ‘போயிட்டு வாரேன்’ என்று தட்டிவிட்டுப் போய்விட்டார்! கையில் வேலை இல்லையாம், மடல் எதற்கு என்று நினைத்தாராம்.

கமிட்டியில் ஒரு குரல் எழுந்தது. "அவரை மறுபடி சேத்து விட்ரு பவித்ரா. யாருக்குத் தெரியப் போவுது?" நல்ல மனதோடு கேட்ட குரல்தான். காடு கைவிட்டுப் போகப் போகிறதே என்ற பதற்றம்தான். பவித்ராவின் கண் கலங்கியது. அவர் மூக்காயி அக்காவைப் பார்த்தார். காடு அவருடையது. பூ அவருடையது. சரி என்று சொல்லியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்?

அக்கா சொன்னார்: "வேணாம் தாயி. போயிட்டு வாரேன்னு சொன்னவுகள வழிமறிச்சுக் கூட்டிட்டு வரக் கூடாது. வந்தா வரட்டும். வரலேன்னா என் காடு போவட்டும். நாம சொன்ன சொல்லு போவக் கூடாது."

என் தாய்மார்களே! ஏட்டில் எழுதிய அறம் எத்தனையோ உண்டு. இழக்கப் போகிறோம் என்று தெரிந்தும் எழுந்து நின்று சொன்ன அறத்தை நான் அன்றுதான் கண்டேன். என் ஊர்க்காரி என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பறிப்புக்கு முதல் நாள், சாயங்காலம். பவித்ராவின் கணினியில் ஒரு வரி வந்தது. ஆல்வின் பட்டியலுக்குத் திரும்பியிருக்கிறார்! பின்னாலேயே அவர் மின்னஞ்சல். நாலைந்து தொழிற்சாலைகளின் பூசை அலங்காரம் திடீரென்று கையில் வந்திருக்கிறது. "செண்டுமல்லி எவ்வளவு இருந்தாலும் வேணும்."

ஏன் மற்றவர்களை விட்டு எங்களைத் தேடினீர்கள் என்று பிறகு கேட்டேன். அவர் சொன்னது இது: "நான் போறேன்னதும் விட்டுட்டீங்க. அதுக்கப்புறம் ஒரு மெயில் வரல. போறேன்னு சொன்னதை மதிக்கிறவங்க எடையில ஏமாத்த மாட்டாங்கன்னு தோணுச்சு."

மறுநாள் அந்தக் காட்டில் ஒரு பூ மிஞ்சவில்லை! கூடைகளை வேனில் தூக்கி ஏற்றியது யார் தெரியுமா? சடையாண்டி அண்ணன்! கடைசிக் கூடையை ஏற்றிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெல்ல வந்து கேட்டார். "மதினி, என் சம்பங்கியையும் அந்த மடல்ல எழுதச் சொல்றீகளா?"

அக்கா என்ன சொன்னார்? "கூட்டத்துல கேட்டுச் சொல்றேன்ப்பா. கேக்காம நாங்க எதையும் சேக்குறதில்ல."

தட்டுங்கள்! இப்போது தட்டுங்கள்! சடையாண்டி அண்ணன்தான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டுகிறார் பாருங்கள். கூட்டத்தில் கேட்டோம், சரி என்றது, அவர் சம்பங்கியும் பூமடலில் போகிறது.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். கணினி நார்தான், மின்னஞ்சல் நார்தான். அதை மணக்க வைத்தது இந்த மண்ணின் மரியாதை. கேட்டுக் கொடுக்கும் மரியாதை! கேட்டுச் சேர்க்கும் மரியாதை! போகிறவரை வாழ்த்தி அனுப்பிவிட்டு, வாசலைத் திறந்தே வைக்கும் மரியாதை! ஊரை அழைக்கத் தெரிந்தவர்கள் நாம். இன்று உலகத்தையே அழைக்கிறோம், தாம்பாளத்தோடு அழைக்கிறோம், தலை நிமிர்ந்து அழைக்கிறோம்!

மூக்காயி அக்கா, மேலே வாருங்கள். பவித்ரா, நீயும் வாம்மா. பொன்னாடை காத்திருக்கிறது.

வாய்ப்புத் தந்த தலைவருக்கும், திரும்பி வந்த ஆல்வினுக்கும், பசியைப் பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. பிரியாணி மணம் வந்துவிட்டது, இனி நான் பேசினால் பாவம். எல்லோருக்கும் வணக்கம்.

போயிட்டு வாரேன்!