தாராவிக்கு ஒரே பலகை போதுமா?

அவைக்குத் தலைமை தாங்கி, எங்களை அதட்டும் உரிமையும் வாங்கி வீற்றிருக்கும் தோல் கிடங்கு முதலாளி ஆறுமுகநயினார் அண்ணாச்சி அவர்களே, வெற்றிலையை வாயிலும் வெற்றியை மனத்திலும் அடக்கி அமர்ந்திருக்கும் சங்கப் பெரியோர்களே, குழாயடியில் நீதி வழங்கும் தாய்மார்களே, வராதவர்களுக்கும் சேர்த்துக் கைதட்டும் தோழர்களே, வணக்கம்.

என் பேச்சைத் தலைவர் முன்கூட்டியே வாங்கித் திருத்தித் தந்தார். அடித்தது போக மிஞ்சியவை வணக்கமும் நன்றியும். இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் கிடக்கிறது, அதில் பேசுகிறேன்.

தேநீர்க் கடை வாசலில் நான் செய்தி எழுதும் கரும்பலகை. வாசகசாலை வாசலில் ஷேக் பரீத் எழுதும் கரும்பலகை. இரண்டையும் கழற்றிவிட்டு, சங்கம் சொல்வதை மட்டும் எழுதும் ஒரே பலகை வைக்க இன்று தீர்மானம். காரணம், நான் பிழை செய்தேனாம்.

செய்தேன். புதன்கிழமை சீமெண்ணெய் வரும் என்று எழுதினேன். வரவில்லை. சொர்ணம்மாள் அக்கா டின்னோடு வந்து நின்றார்.

"ஏலே, எண்ணெய் எங்கல? ஒன் சாக்பீஸை அடுப்புல வச்சா எரியுமா?"

எரிந்தது என் முகம். இப்போது சிரிக்கிறீர்களே அக்கா, அன்று சிரித்தீர்களா?

அவரை வீட்டுக்கு அனுப்பியது எது? பரீத்தின் பலகை. "அங்கே நிற்பவர்கள் இங்கே படிக்கவும். எண்ணெய் வெள்ளிக்கிழமைதான்." ஒரே பலகை இருந்திருந்தால் வியாழனன்றும் வரிசை நின்றிருக்குமே!

அன்று நானும் பரீத்தும் சண்டை போட்டே ஒரு விதி செய்தோம். பிழை எந்த இடத்தில், எந்த அளவு எழுத்தில் வந்ததோ, திருத்தமும் அங்கேயே, அதே அளவில். புகார் வந்தால் தீர்ப்பு எதிர்ப்பலகைக்காரன் கையில். எந்தச் சர்க்கார் சொல்லிச் செய்தோம்? எந்த முதலாளி சொல்லிச் செய்தோம்?

சீமெண்ணெய்ப் பிழைக்குக் கூடாத சங்கம், ரேஷன் கடைத் தராசு சாய்கிறது என்று நான் எழுதிய மறுநாள் கூடியதே, ஏன்? கடைக்காரரும் மேடையில்தான் இருக்கிறார். மணி அடிக்கிறீர்களா அண்ணாச்சி? அடியுங்கள், என் பேச்சில் அடித்ததைவிடக் குறைவுதான்.

பலகை என்ற சொல்லுக்குள்ளேயே பல கை இருக்க, அதை ஒரு கையில் ஒப்படைக்கலாமா? வெள்ளைக்காரனிடமிருந்து மீட்ட வாயைச் சங்கத்துச் சாக்பீஸ் டப்பாவில் பூட்டலாமா?

தீர்மானம் ஓட்டுக்கு வருகிறது. எப்படிப் போனாலும் நாளை என் செய்தி வரும். பலகையைக் கழற்றினால் சுவரில் வரும். யார் யார் எந்தப் பக்கம் கை தூக்கினார்கள் என்பதே தலைப்பு. ஒரு பெயர் தவறினாலும் பரீத் என்னை விடமாட்டான். அதோ, கடைசி வரிசையில் பென்சிலோடு நிற்கிறான்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், பொறுக்காமல் மணி அடித்த தலைவருக்கும் நன்றி, வணக்கம்.