பூட்டாத அறை

என் அறைக் கதவை நான் பூட்டுவதில்லை. மாணவர்கள் எந்த நேரமும் வரலாம், மேசையில் எதையும் வைத்துவிட்டுப் போகலாம். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, இன்ஸ்பெக்டர். அந்தப் போத்தலை வேறு யாரோ வந்து மாற்றியிருக்கலாம் என்று சொல்லித் தப்ப எனக்கு வழி உண்டு. நான் அப்படிச் சொல்லப் போவதில்லை.

பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் தொழில் முயற்சிகளுக்குக் கைகொடுக்கும் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. நாங்கள் கைகொடுத்துத் தூக்கிவிடுவோம், அவர்கள் எழும்பிக் கனடாவுக்குப் போய்விடுவார்கள். கீர்த்திகன் ஒருவர்தான் நின்றார். அச்சுவேலிப் பிள்ளை. தோட்டங்களுக்குப் போடும் உரம் இறங்கி எங்கள் கிணறுகளில் நைட்ரேட் ஏறிக் கிடப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெரியவர்கள் எப்படியோ தாங்கிக்கொள்வார்கள். அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் காற்றைச் சுமக்க முடியாமல் போகும், உடம்பு நீலம் பாரிக்கும். அந்த நைட்ரேட்டைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி செய்தார் கீர்த்திகன். முதலாவதைக் கோப்பாயில் தர்சினி என்ற இளம் தாயின் வீட்டில் பொருத்தினோம். அவளுக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது, தாய்ப்பால் போதவில்லை.

எங்கள் புதிய ஆராய்ச்சி நிலையத்தின் திறப்பு விழாவில் அந்த வடிகட்டியைத்தான் முன்னுக்கு வைக்க இருந்தோம். விழா நெருங்கும்போது கீர்த்திகன் முகம் வெளிறி என்னிடம் வந்தார்.

"சேர், கோப்பாய்த் தண்ணி பிழைச்சுப் போச்சு. வடிகட்டி நிரம்பினாப் பிறகு, பிடிச்சு வைச்சதையெல்லாம் திருப்பிக் கக்குது. கிணத்துத் தண்ணியே இதைவிடப் பறவாயில்லை. உடனை கழட்டுவம்."

"அவசரப்படாதையும். மாதிரியை இதிலை வைச்சிட்டுப் போய்ச் சாப்பிட்டிட்டு வாரும். திரும்ப ஒருக்காப் பாப்பம்."

அவர் போனதும் போத்தலில் இருந்ததைக் கொட்டிவிட்டு, கடையில் வாங்கிய தண்ணீரை நிரப்பினேன். முழுக்கச் சுத்தமாக வந்தால் சந்தேகப்படுவார் என்று குழாய்த் தண்ணீரும் கொஞ்சம் கலந்தேன். கெட்டிக்காரர் அல்லவா. திரும்பப் பரிசோதித்தவர் தலையில் கைவைத்துச் சிரித்தார். "என்ரை பிழை, சேர். முதல்லை நான் ஒழுங்காக் கழுவேல்லைப் போலை" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வடிகட்டியைக் கழற்றியிருந்தால் விழா நின்றிருக்கும், மனம் உடைந்து அவரும் விமானம் ஏறியிருப்பார். அவரைக் காப்பாற்றத்தான் அதைச் செய்தேன். அதே மேடையில் என்னை நிலையத்தின் இயக்குநராக அறிவிக்க இருந்தார்கள் என்பது உண்மை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

விழாவுக்குத் தர்சினியையும் அழைத்திருந்தோம். பால் காய்ச்சி, படம் எடுக்க எல்லோரும் நிரையாக நின்றபோது, அவள் குழந்தையின் விரல்களை விரித்து என்னிடம் காட்டினாள்.

"சேர், பிள்ளையின்ரை நகமெல்லாம் ஒரு மாதிரி நீலமாக் கிடக்கு. தண்ணியிலை ஏதும் பிழையோ? ஆசுப்பத்திரியிலை காட்டவோ?"

எங்கள் சனத்துக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. கொதித்தாறிய தண்ணீரில் கெடுதல் எதுவும் மிஞ்சாது என்பார்கள். கிருமிகளுக்கு அது சரி. நைட்ரேட் கொதித்துப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற மிச்சத் தண்ணீரில் அது கூடும். முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு நான் ஆண்டுதோறும் நடத்தும் பாடம் அது.

"பனிக்குளிர், பிள்ளை. தலையை மூடி வையுங்கோ" என்றேன். "தண்ணி நல்ல தண்ணி. பயமெண்டால் இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்க விட்டுக் குடுங்கோ."

"ஓம், சேர்" என்றாள். சொல் கேட்கிற பிள்ளை. நன்றாகவே கொதிக்க விட்டிருக்கிறாள்.

குழந்தை அந்த வாரமே இறந்தது. வடிகட்டியைச் செய்தவரை நீங்கள் கொண்டுபோனீர்கள். சோதித்தது தான்தான், பிழை தன்னுடையது மட்டுமே, சேருக்கு இதில் ஒன்றும் இல்லை என்று அவர் உங்களிடம் சொன்னதாக அறிந்தேன். கேட்டபோது என் கண் கலங்கிவிட்டது. விளக்கமறியல் சிறைக்குப் போய் அவரைப் பார்க்க நினைத்தேன். புதிய பதவி, நிலையத்தில் வேலை தலைக்கு மேல் இருந்தது. போகக் கிடைக்கவில்லை. பிறகு அவர் அங்கேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று செய்தி வந்தது.

அதற்குப் பிறகுதான், ஆய்வுகூடத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள், பின்வரிசையில், கோப்பாய்த் தண்ணீரின் மாற்றப்படாத மறுபாதியை நீங்கள் கண்டெடுத்தீர்கள். எந்த மாதிரியிலும் பாதியை எடுத்து வைத்துவிட்டே மீதியைத் தொட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். என்னை நம்பியபடியால் அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை. ஆனாலும் மறக்காமல் எடுத்து வைத்திருக்கிறார். எவ்வளவு ஒழுங்கான மாணவன் பாருங்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். போத்தலை மாற்றியது நான். குழந்தை குடிப்பது நஞ்சு என்று தெரிந்துகொண்டே அதை இன்னும் கொதிக்க விடச் சொன்னதும் நான். தர்சினி இப்போது அடுப்படிப் பக்கமே போவதில்லையாம், யாரோடும் கதைப்பதில்லையாம். அதற்காக வருந்துகிறேன்.

ஒரேயொரு வேண்டுகோள். என் அறையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டீர்களாம். அதைத் திறந்துவிடுங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தங்கள் மாதிரிகளைக் கொண்டுவரும் காலம் இது. என்னை விட்டால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?