அம்மை கண்ட வீட்டுக் கைக்குழந்தை

டிராம்பே செல்லும் பேருந்துக்காகத் தாராவி நிறுத்தத்தில் வரிசையாக நின்றிருந்தோம். எனக்கு முன்னால், கைக்குழந்தையை மார்போடு அணைத்திருந்த ஒரு பெண் தன் தோழியிடம் முறையிட்டாள்.

“பாதிரியாரே என்னைய கோயிலுக்கு வராதேன்னுட்டாரு, எஸ்தரு.”

“ஏட்டி, அப்படி என்ன செஞ்ச?”

“மூத்தவனுக்கு அம்மை போட்டிருக்கு, ஜெபம் பண்ணுங்கன்னேன். மத்தவங்களுக்கு ஒட்டிக்கிடும், வீட்டுலயே இருங்க, அரிசி பருப்பெல்லாம் சபையில இருந்து வாசல்ல கொண்டாந்து வைப்போம்ங்காரு. இந்தப் பிள்ளைக்கு அம்மை குத்த இன்னைக்கே ஆள் அனுப்புதாராம்.”

“நல்லதுதானே?”

“அம்மை இருக்குத வீட்டுல குத்துனா ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டாளா? அதான் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோறேன்.”

“வேதக்காரிக்கு ஆத்தா எங்கயிருந்துட்டி வந்தா?”

“அம்மைக்கு வேதம் தெரியுமா?”

தோழி சிரித்தாள், சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். “தங்கச்சி பிள்ளைகளுக்குக் குத்தியிருக்கா? அதுகளுக்கும் ஒட்டுமேட்டி.”

பேருந்து வந்து நின்றது; பிள்ளைக்காரி எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

“அவரு கோயிலுக்கு வராதேங்காரு, நீ தங்கச்சி வீட்டுக்குப் போகாதேங்குத. பின்ன நான் எங்கட்டி போவேன்?”

“உன் வீட்டுக்குத்தான். குத்துத ஆள் வந்து நிப்பாரு.”

வண்டி நகர்ந்தபோதும் அவள் அங்கேயே நின்றிருந்தாள். தோழிதான் முந்தானையைப் பற்றி அவளை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.