முழு விலைக்கு வாங்கலாமா?

'கடல் வழிகள்' எக்ஸ்பான்ஷனைத் தள்ளுபடியில் வந்தால் மட்டும் வாங்குங்கள். முழு விலை கொடுக்காதீர்கள். கப்பல்கள் பார்க்க அழகாக இருக்கும், அலைச் சத்தம் அருமையாக இருக்கும், ஆனால் நூறு டர்னுக்குப் பிறகு மீன் பிடிப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. டாக்டர் அம்மா, உங்கள் மகனும் இந்த விளையாட்டை ஆடுகிறான், அடுத்து எதை வாங்குவது என்று நச்சரிக்கிறான் என்று ஒருமுறை நீங்களே சொன்னீர்கள். அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன். நீங்கள் கேட்ட விளக்கம் இதற்குள்ளேயே இருக்கிறது.

இது கணினியில் ஆடும் பேரரசு விளையாட்டு. ஒரு குடிசையில் தொடங்கி, ஊர் கட்டி, படை சேர்த்து, பக்கத்து நாட்டுக்காரனை ஒரு வழி பண்ண வேண்டும். ஆளுக்கொரு முறை காய் நகர்த்தினால் அது ஒரு டர்ன். விளையாட்டை ஒருமுறை வாங்கிவிட்டால் போதும் என்று முதலில் நினைப்போம். பிறகு கடலுக்குத் தனி, ஒற்றர்களுக்குத் தனி, குளிர்காலத்துக்குத் தனி என்று ஒவ்வொன்றாகக் கடையில் வைப்பார்கள். சட்டையை விற்றுவிட்டுப் பொத்தானைத் தனியாக விற்கிற கதைதான். எதை வாங்கலாம், எதை விடலாம் என்று நம் மருத்துவமனையில் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். எக்ஸ்ரே எடுப்பவரிலிருந்து வாட்ச்மேன் வரை. என் பிசியோதெரபி அறைக்கு முதுகு வலி என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முதுகில் ஒன்றும் இருக்காது.

இரண்டு நாள் ஆடிவிட்டுப் பத்துக்கு எட்டு என்று மார்க் போடுகிற ஆசாமிகளைக் கண்டால் எனக்கு ஆகாது. ஒரு எக்ஸ்பான்ஷனைப் பற்றி வாயைத் திறக்க வேண்டுமென்றால் நூறு மணி நேரமாவது ஆடியிருக்க வேண்டும். அதுவும் கணினியை எதிர்த்து ஆடிப் பயனில்லை. கணினிக்குத் தோற்றால் முகம் சுண்டாது. எதிரே சதையும் ரத்தமுமாக ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த ஆளுக்கு நேரமும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் எட்டு வருடமாக நான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

என் எதிராளி என் தங்கையின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதைச் சொல்லி அவரை நான் கேலி செய்யாத நாள் இல்லை. அவர்கள் மூன்றாம் மாடி. நான் முதல் மாடி, தனியாள். தங்கமான மனிதர். தன் ஊர்களுக்குத் தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி என்றுதான் பெயர் வைப்பார். தலைநகருக்கு மொட்டைமாடி. படை கட்டச் சொன்னால் மருத்துவமனை கட்டுவார். எட்டு வருடம் ஆடிய பிறகும் வரி போடுகிற பொத்தான் எது என்று என்னைத்தான் கேட்பார். வாரத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்வார், அதில் அரை மணி நேரம் கண் சொக்கும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆடி எந்த எக்ஸ்பான்ஷனை எடைபோடுவது? மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, மூன்றைப் பற்றியும் பிறர் சொன்னதையே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். மனசாட்சி உறுத்தியது.

அப்போதுதான் அவர் லிஃப்ட் குழிக்குள் ஏணி வழுக்கி விழுந்தார். வலது முழங்கால் சில்லு இரண்டாக உடைந்திருந்தது. நீங்கள்தான் கம்பி வைத்துக் கட்டினீர்கள். பிரமாதமான வேலை, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. மூன்றாவது வாரத்திலிருந்து மடக்கத் தொடங்க வேண்டும், பன்னிரண்டாவது வாரத்துக்குள் நூற்றிருபது டிகிரி மடங்க வேண்டும், மடங்காவிட்டால் மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிடலாம், அந்தக் கெடுவையும் தாண்டினால் உள்ளே தழும்பு இறுகிவிடும் என்று என்னிடம் சொன்னீர்கள். எனக்கு அது புதிதில்லை. இருபத்திரண்டு வருடமாக முழங்கால் மடக்குகிறேன். ஏணியில் ஏறவும் குழிக்குள் மண்டியிடவும் எவ்வளவு மடங்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். கம்பெனி அவருடைய இடத்தை ஆறு மாதம் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தது.

வீட்டுக்கே போய்ப் பார்க்கிறேன் என்று உங்களிடம் நான்தான் கேட்டு வாங்கினேன். பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை. தங்கைக்கு ஒரே பெருமை. எங்க அண்ணன் இருக்கும்போது வேற யாரு கையில கொடுப்பேன் என்று, தான் வேலை பார்க்கும் தையல் கடையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். என் பையில் அடியில் வெந்நீர்ப் பை, மேலே லேப்டாப்.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் செய்தேன். ஒரு மணி நேரம் கால், ஒரு மணி நேரம் கடல். முழங்கால் மடக்குவது சுகமான வேலை இல்லை. நோயாளி பல்லைக் கடிப்பார், நம்மைச் சபிப்பார், நாம் காதில் வாங்காமல் இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும். மாப்பிள்ளை சபிக்கவில்லை. தலையணை உறையைக் கடித்துக்கொண்டார். ஐம்பத்தைந்து வந்தது. இந்த வேகத்தில் போனால் பத்தாவது வாரம் வேலைக்குப் போய்விடுவார் என்று கணக்குப் போட்டேன். கடலே அதற்குள் முடியாது. ஒற்றர்களையும் குளிர்காலத்தையும் யாரோடு ஆடுவது?

அடுத்த நாள் அவர் முகத்தைச் சுளித்தபோது, "வலிச்சா நிறுத்திடலாம் மாப்பிள்ளை, என்ன அவசரம்?" என்றேன்.

நான் செய்தது அவ்வளவுதான் என்றுகூடச் சொல்லலாம். அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைத் தினமும் சொன்னதுதான். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நன்றி இருந்தது. ஒரு மணி நேரம் அரை மணி நேரமாயிற்று, பிறகு கால் மணி. வெந்நீர்ப் பையை வைப்பேன், தசையை நீவிவிடுவேன், கதை சொல்வேன். தங்கை டீயோடு வந்து, "ரெண்டு தடிமாடும் ஊரைப் பிடிக்குதுங்க, வீட்டுல தண்ணி பிடிக்க ஆளில்ல" என்று திட்டிவிட்டுப் போவாள். அந்தக் கூடத்தில் அத்தனை சிரிப்பு. வலி தெரியாமல் வைத்தியம் பார்க்கிற கை என்று எனக்குப் பெயர் வந்தது. அவள் தையல் கடையிலிருந்து இரண்டு பேர் என்னையே கேட்டு நம் மருத்துவமனைக்கு வந்தார்கள், உங்களுக்கு நினைவிருக்கலாம்.

கோணம் அளக்கும் கருவியைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். இரண்டு அளவுகோலை நடுவில் ஆணி வைத்துச் சேர்த்த மாதிரி ஒரு சாமான். ஒரு கையைத் தொடை எலும்போடு வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தால் முப்பது டிகிரி வரை கூடுதலாகக் காட்டும். தள்ளித்தான் வைத்தேன். சீட்டில் வாரத்துக்கு வாரம் எண் ஏறியது. எழுபது, எண்பத்திரண்டு, தொண்ணூற்றொன்று. ஒரேயடியாக ஏற்றினால் சந்தேகம் வரும் என்பதால் ஒரு வாரம் இரண்டு டிகிரி குறைத்தும் எழுதினேன். அந்தச் சமயத்தில் கால் உண்மையில் அறுபதில் நின்றிருந்தது.

ஒன்பதாவது வாரம் ஒரு சங்கடம். நான் போனபோது மாப்பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் துண்டைச் சுற்றி இரண்டு கையாலும் இழுத்து இழுத்து, தானாகவே மடக்கியிருக்கிறார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. அளந்து பார்த்தேன், இந்த முறை சரியாக வைத்து. எண்பத்து மூன்று. ஒரே நாளில் இருபத்து மூன்று டிகிரி. நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு மனவலிமையைப் பார்த்ததில்லை. எட்டு வருடத்தில் அன்று ஒரு நாள்தான் அவரிடம் குரலை உயர்த்தினேன். உள்ளே இருக்கிற கம்பி அறுந்தால் மறுபடி கத்திதான், ஒட்டுமொத்தமாகக் காலே போய்விடும், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், எதையும் தனியாகச் செய்யாதீர்கள் என்றேன். அவர் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டார். தங்கை அந்தத் துண்டை எடுத்து ஒளித்து வைத்தாள். கம்பி அறுகிற கட்டமெல்லாம் எப்போதோ தாண்டியிருந்தது. அன்று பிற்பகல் அவர் சரியாக ஆடவில்லை. நான் மூன்று தீவுகளைப் பிடித்தேன்.

பன்னிரண்டாவது வாரம் அவரை உங்களிடம் கூட்டி வர வேண்டும். நான் தொலைபேசியில் கூப்பிட்டேன். நூற்றைந்து வருகிறது, மீதியும் இரண்டு வாரத்தில் வந்துவிடும், படி ஏறி இறங்கிக் களைத்துப் போவார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இருபத்திரண்டு வருடம் உங்களோடு வேலை பார்த்தவன் சொல்கிறான் என்று நீங்களும் சரி என்றீர்கள். அன்றைய தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்றுதான் ஒற்றர்களைத் தொடங்கினோம்.

ஒற்றர்களைப் பற்றி ஒரு வார்த்தை: எந்த விலைக்கும் வேண்டாம். எதிராளி ஊருக்குள் ஆளை அனுப்பி அவர் காதில் பொய் எண்களைப் போடலாம் என்று பெரிதாக விளம்பரம் செய்கிறார்கள். செய்து பார்த்தால் அலுப்புத்தான் மிஞ்சும். நம்புகிறவரை ஏமாற்றுவதில் என்ன ஆட்டம் இருக்கிறது?

குளிர்காலம் வேறு ரகம். தயங்காமல் வாங்கச் சொல்லுங்கள். அதில் முற்றுகை என்று ஒன்று வருகிறது. எதிராளியின் ஊரைத் தாக்கவே வேண்டாம். வாயிலை அடைத்துவிட்டுப் பனி விழும்வரை சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், ஊர் தானாகப் படுத்துவிடும். மொட்டைமாடியை அப்படித்தான் பிடித்தேன். நாற்பது டர்ன் எடுத்தது. உள்ளே அவர் பாட்டுக்கு மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் கம்பெனி கொடுத்த ஆறு மாதம் முடிந்தது. முன்னேற்றம் நன்றாக இருக்கிறது, இன்னும் இரண்டு மாதம் பொறுக்கவும் என்று நான்தான் மருத்துவமனைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். கம்பெனியும் பொறுத்தது. நல்லவர்கள்.

ஒருநாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே மாப்பிள்ளை கேட்டார்.

"மச்சான், நான் மறுபடி ஏணி ஏறுவேனா? உண்மையைச் சொல்லுங்க."

"ஏறாம எங்க போவீங்க? உங்க டர்ன்" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு வண்டியை நகர்த்தினார்.

எட்டாவது மாதம் கம்பெனி டாக்டர் அவரைக் கூப்பிட்டுக் குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னார். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்களே அளந்தீர்கள், ஐம்பத்தெட்டு. இனி என்ன செய்தாலும் எண்பதைத் தாண்டாது என்று நீங்கள் தங்கையிடம் சொன்னபோது நான் கதவோரமாக நின்றிருந்தேன். சரியாகச் சொன்னீர்கள். நானாக இருந்தால் எழுபத்தைந்து என்றிருப்பேன்.

ஆகவே, தெரிந்தே செய்ததா என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் ஆம் என்பதுதான். கவனக்குறைவு என்று எழுதினால் பதிவில் அப்படியே போட்டுவிடலாம் என்று பரிவோடு சொன்னீர்கள். அந்தச் சொல்லை என் தொழில் தாங்காது. நான் கவனமாகத்தான் இருந்தேன். மடங்கக்கூடிய காலை மடக்காமல் விட்டேன், மடக்கப் பார்த்தவரைத் தடுத்தேன், உங்களிடம் பொய் எண் சொன்னேன், கெடு எந்த நாள் முடிகிறது என்று தெரிந்தே அதை முடியவிட்டேன். அதே நேரத்தில் அந்த எட்டு மாதமும் அந்த மனிதர் வாழ்க்கையில் இல்லாத சந்தோஷத்தோடு இருந்தார் என்பதையும் பதிவு செய்ய வேண்டுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தவர். உட்கார வைத்தது நான்.

நேற்று தங்கை கீழே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இப்போது தையல் கடையில் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்கிறாளாம், விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. அழவில்லை, சத்தம் போடவில்லை.

"அண்ணே, அவருக்கு அந்தக் கேம் பிடிக்கவே பிடிக்காது. எட்டு வருஷமா பிடிக்காது. நீ தனியா கிடக்கியேன்னுதான் வந்து உட்கார்ந்தாரு. சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு."

சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். கோபத்தில் மனிதர்கள் என்னதான் சொல்ல மாட்டார்கள். நானும் ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன். பிடிக்காத ஆட்டத்தை ஒருவர் இந்த எட்டு மாதத்தில் மட்டும் முந்நூறு மணி நேரம் ஆடுவாரா? அதுவும் தோற்றுக்கொண்டே? நடக்கிற காரியமா?

அடுத்த மாதம் 'மலைநாடு' வருகிறது. உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிற எதிராளி அமைந்தால் முழு விலைக்கே வாங்கலாம். நான் எனக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்துக் கடையில் சொல்லி வைத்துவிட்டேன். அவர்கள் வேறு வீடு பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பார்க்கட்டும். மாப்பிள்ளைக்கு இரண்டு மாடி இறங்க இப்போது கால் மணி நேரம் ஆகிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகத்தான் வருகிறார். மூச்சு வாங்க அவர் நிற்கிற இடம் சரியாக என் வாசலுக்கு எதிரே இருக்கிறது. அங்கே ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.