அம்மாவுக்குக் கேக்குற ரெண்டு குரல்

இல்ல ஆன்ட்டி, போன்ல வேற யாரும் பேசல. ரெண்டும் நான்தான். பஸ் ஏறிட்டோம்மா, தலவலிம்மா, சத்யாகிட்ட குடுக்குறேன்னு இழுத்து இழுத்துப் பேசுனது எங்க அக்கா வினோதினி மாதிரி. அப்பறம் கீச்சுன்னு கத்துனது என் சொந்தக் கொரலு. அந்தப் பக்கம் எங்கம்மா, கடலூர்ல.

சிரிங்க, பரவால்ல. எனக்குத்தான் இப்பல்லாம் சிரிப்பு வரமாட்டேங்குது.

அக்கா சிதம்பரத்துல நட்சத்திர ஆராய்ச்சி. நான் அங்கயே காலேஜ், ஒரே ரூமு. ஐயோ, ஜாதகம்லாம் பாக்காது. நீங்களுமா! எங்க தெரு ரத்தினம்மா அத்தை தன் பொண்ணு ஜாதகத்தையே கொண்டாந்து அக்காகிட்ட நீட்டிச்சு. இது வேற ஆன்ட்டி. வானத்துல ஒரு நட்சத்திரக் கூட்டம். எல்லாம் ஒண்ணாப் பொறந்ததுங்க, நம்ம சூரியன் வயசு இருக்குமாம். அதுல எது ஒத்த, எது ஜோடின்னு கண்டுபுடிக்கணும். டெலஸ்கோப்ல பாத்தாலும் ஒரே புள்ளிதான். அதோட வெளிச்சத்த வருசக்கணக்கா திரும்பத் திரும்ப அளக்கணும். கிட்ட வருது, தள்ளிப் போவுது, மறுபடி கிட்ட வருதுன்னா, கண்ணுக்குத் தெரியாத இன்னொண்ணு புடிச்சு இழுக்குதுன்னு அர்த்தம். வயசான கூட்டத்துல ஜோடிங்கதான் கனமா நடுவுல தங்குமாம். ஒண்டியா கெடக்குறது மெதுவா வெளிய போயிடும்.

அக்கா ஒண்ணே ஒண்ணப் புடிச்சு வருசக்கணக்கா தொங்குச்சு. அது தள்ளிப் போயிக்கிட்டே இருக்குது, திரும்பவே மாட்டேங்குது. அளக்குற அன்னிக்குன்னு பாத்து மேகம். அக்காவோட கைடு ராமாமிர்தம் சாரு மூக்காலயே பேசுவாரு: ஏம்மா வினோதினி, அது திரும்பாம ஜோடின்னு எப்படிம்மா எழுதுறது, வேற நட்சத்திரம் பாரும்மா. எப்படி, அப்படியே சார்தான், பாத்ததில்லியே நீங்க! இந்தப் பக்கம் அம்மா: ஏண்டி, குறிஞ்சிப்பாடி மாப்ள வூட்ல எத்தினி நாளு காத்துக்கிட்டு இருப்பாங்க?

ஒருநாள் அக்கா மேசையிலயே கவுந்து படுத்துக்கிட்டு, என்னால முடியல, அம்மாகிட்ட என் கொரல்ல நீயே பேசுடின்னுச்சு. பேசுனேன். அம்மாவுக்குத் தெரியல. ரெண்டு பேரும் தலகாணிய வாயில வச்சு அமுக்கிக்கிட்டு சிரிச்சோம். அதுலேருந்து தெனமும் நான்தான். ரெண்டு ஆளா பேசுறது ரொம்ப அலுப்பு ஆன்ட்டி. ஒருத்தி சாப்பிட்டதையும் சொல்லணும், இன்னொருத்தி சாப்பிடாததையும் சொல்லணும்.

ஆலப்பாக்கம் தாண்டிடுச்சா? இன்னிக்கு சாயங்காலம் மாப்ள வூட்ல அக்காவப் பொண்ணு பாக்க வர்றாங்க. அம்மா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிக்குது, எங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போவ.

அக்காவா? பின்னாடி சீட்ல தேடாதீங்க, இல்ல. தீபாவளிக்கு அப்பறம் ரூமுக்கே வரல. தன் போனையும் மேசையிலயே வச்சிட்டுப் போயிடுச்சு. அதுலதான் பேசுறேன். நல்லாருக்கேன், தேடாத, அம்மாகிட்ட சொல்லாதன்னு வேற நம்பர்லேருந்து ஒரு மெசேஜ் வந்துச்சு. அவ்ளோதான். அந்த நம்பருக்கு நான் போன் பண்ணா எடுக்காது. ஏய், இது சத்யா கொரலுடின்னு அம்மா ஒருநாளாவது கண்டுபுடிச்சிடும்னு பாத்தேன். கண்டுபுடிக்கல.

அந்தா, ஸ்டாண்டுல பச்சப் பொடவ, அதான் எங்கம்மா. எறங்குறவுங்க மூஞ்சிய ஒவ்வொண்ணா பாக்குது.

நீங்க மொதல்ல எறங்குங்க ஆன்ட்டி.